பத்து வெள்ளியில் ஒரு தோட்டம்: துன் சம்பந்தனின் நிலக் கணக்கு

துன் வீ.தி. சம்பந்தன் என்றதும் என் வயதுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் சாலையும் மோனோரயில் நிலையமும்தான். தமிழ்ப்பள்ளியில் படித்தபோது அவரைப் பற்றி நான் மனப்பாடம் செய்தது மூன்றே வரி. ம.இ.கா.வின் ஐந்தாவது தலைவர், நாட்டின் சுதந்திரத்துக்குப் பாடுபட்டவர், அமைச்சர். தேர்வில் எழுதினேன், மதிப்பெண் வாங்கினேன், மறந்தும் போனேன். இடைநிலைப் பள்ளியில் வரலாற்றுப் பாடத்தை மலாய் மொழியில் படித்தபோதும் அவர் ஒரு பெயராகவும் ஒரு படமாகவும் மட்டுமே வந்து போனார்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு கட்டுரைப் பணி கொடுத்தார்கள். வளரும் நாடுகளில் நில நிர்வாகச் சேவைக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பது தலைப்பு. நிலத்தை அளப்பது, எல்லைக்கல் நடுவது, உரிமைப் பத்திரம் தயாரிப்பது, அதைப் பதிவேட்டில் ஏற்றுவது என எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும், கருவி வேண்டும், சம்பளம் வேண்டும். அதை யார் கொடுக்கிறார்கள்?

உதாரணத்துக்கு ஒரு பத்திரத்தைப் பார்க்கலாம் என்று யோங் பெங்கில் இருக்கும் பாட்டியிடம் வீட்டு கிராண்டைக் கேட்டேன். பத்திரத்தோடு ஒரு கதையும் கிடைத்தது. இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் அவர்கள் தோட்டத்து லயத்தில் இருந்தவர்கள். தாத்தா பால்மரம் வெட்டியவர். மாதா மாதம் பத்து வெள்ளியைத் தனியாக எடுத்து வைத்துச் சங்கத்துக்குக் கட்டியவர். எந்தச் சங்கம் பாட்டி என்று கேட்டேன். சம்பந்தன் சங்கம் என்றார். என் கட்டுரைக்கான ஆள் அப்போதுதான் கிடைத்தார்.

செல்வர் வீட்டுப் பிள்ளை

வீராசாமி திருஞானசம்பந்தன் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். அவருடைய தந்தை வீராசாமி 1896இல் தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர். உழைத்து முன்னேறி, சொந்தமாக ரப்பர் தோட்டம் வைத்துக்கொள்ளும் நிலைக்கு உயர்ந்தார். அந்தக் காலத்தில் மலாயாவுக்கு வந்த தமிழர்களில் பெரும்பாலோர் பிறர் நிலத்தில் மரம் வெட்டியவர்கள். சம்பந்தனோ சொந்த நிலத்தைப் பார்த்து வளர்ந்தவர். நிலம் கையில் இருந்தால் ஒரு குடும்பத்தின் தலைவிதி எப்படி மாறும் என்பதை அவர் வீட்டிலேயே கண்டார்.

கோலகங்சாரில் உள்ள கிளிஃபர்டு பள்ளியில் ஆங்கிலக் கல்வி முடித்து, தமிழகத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். ஊர் திரும்பியவர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் சுங்கை சிப்புட் அப்போது நிம்மதியான ஊராக இல்லை. 1948 ஜூன் 16ஆம் நாள் அந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாடு முழுவதும் அவசரகாலம் பிறப்பிக்கப்பட அந்தச் சம்பவமே உடனடிக் காரணம். அன்று சம்பந்தனுக்கு 29ஆவது பிறந்தநாள்.

1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளியை உருவாக்கினார். இந்தியாவிலிருந்து விஜயலட்சுமி பண்டிட் வந்து அதைத் திறந்து வைத்தார். அடுத்த ஆண்டே ம.இ.கா.வின் தலைவரானார். அதே 1955இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் கூட்டணி வெற்றி பெற்றபோது துங்கு அப்துல் ரஹ்மானின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சராக அமர்ந்தார். பிறகு சுகாதார அமைச்சர். 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சர். மூன்று இனத் தலைவர்கள் சேர்ந்து சுதந்திரம் வாங்கித் தந்தார்கள் என்று நாம் படிக்கிறோமே, அந்த மூவரில் இந்தியர்களின் பிரதிநிதி இவர்தான்.

தோட்டத் துண்டாடல்

சுதந்திரம் நெருங்க நெருங்க ஒரு புதிய ஆபத்து தோட்டங்களுக்குள் நுழைந்தது. புதிய அரசு என்ன செய்யுமோ என்ற அச்சத்தில் பல வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்களில் பலர் தோட்டம் நடத்த வாங்கவில்லை. சிலர் கூட்டாகப் பணம் போட்டு மொத்தமாக வாங்கி, சிறு துண்டுகளாக வெட்டி, கூடுதல் விலைக்கு விற்றார்கள். இதைத்தான் நம் பெரியவர்கள் தோட்டத் துண்டாடல் என்றார்கள்.

நூறு ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால் தோட்டம், அதற்குக் குறைந்தால் சிறுதோட்டம். இது புள்ளிவிவரத்துக்கான பிரிவு மட்டுமல்ல. தோட்டம் என்றால் தொழிலாளர் வரிசையும் குடிநீரும் பள்ளியும் ஆயக்கொட்டகையும் கோயிலும் உண்டு. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் துண்டு வாங்கியவருக்கு இவை எதுவும் தேவையில்லை. அவரே குடும்பத்தோடு மரம் வெட்டிக்கொள்வார், அல்லது ஓரிருவரைக் கூலிக்கு அமர்த்துவார். அப்படியானால் தலைமுறையாக அங்கே வேலை செய்த நூறு குடும்பம் எங்கே போகும்? வேலை போனால் வீடும் போகும். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பள்ளி மூடப்படும். பொருளாதார அறிஞர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து விரிவான அறிக்கை எழுதும் அளவுக்கு இது நாட்டின் பிரச்சினையாக இருந்தது.

இங்கேதான் என் கட்டுரைத் தலைப்பு உள்ளே வந்தது. ஒரு தோட்டத்தைத் துண்டாடுவது என்பது நில அலுவலகத்தில் நடக்கும் ஒரு வேலை. ஒரு கணக்குக்காக 1,500 ஏக்கர் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரே பத்திரம், ஒரே நிலவரி ரசீது போதும். அதை ஐந்து ஏக்கராக வெட்டினால் 300 துண்டு. 300 முறை அளக்க வேண்டும், 300 வரைபடம், 300 பத்திரம், பதிவேட்டில் 300 பக்கம், ஆண்டுதோறும் 300 நிலவரி ரசீது. விண்ணப்பக் கட்டணம் வருகிறது என்பது உண்மை. ஆனால் அந்த வேலைக்கான எழுத்தர்களும் நில அளவையாளர்களும் ஒரே இரவில் கிடைத்துவிட மாட்டார்கள்.

இன்றைக்கும் நம் சட்டத்தில் தற்காலிக உரிமைப் பத்திரம் என்ற ஒன்று இருப்பதற்குக் காரணம் இதுதான். முழுமையான அளவை முடிவதற்கு முன்பே உரிமையைக் கொடுத்துவிட்டு, அளவை முடிந்தபின் இறுதிப் பத்திரம் தருகிறார்கள். வளரும் நாடுகள் பலவற்றில் நில அளவைக்கு ஒதுக்கும் பணமும் ஆளும் மக்களின் தேவைக்கு எப்போதும் பின்னால்தான் ஓடிவருகின்றன.

அமைச்சருக்கு எட்டாத அதிகாரம்

நாட்டில் அமைச்சராக இருந்த ஒருவர் இதை ஏன் தடுக்கவில்லை என்று நானும் முதலில் நினைத்தேன். விடை அரசியலமைப்பில் இருக்கிறது. நிலம் மாநிலத்தின் அதிகாரம். நிலவரியும் மாநிலத்தின் வருமானம். நில அலுவலகத்தை நடத்துவதும் மாநில அரசு. நில அளவை மட்டும் கூட்டரசு இலாகாவின் வேலை. அப்போது மாநிலங்களுக்கு ஒரே நிலச் சட்டம்கூட இல்லை. நம் ஜோகூருக்குத் தனிச் சட்டம் இருந்தது. தேசிய நிலச் சட்டத்தொகுப்பு 1965இல் நிறைவேறி, 1966 ஜனவரி முதல் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. ஆக, கோலாலம்பூரில் எவ்வளவு பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், ஒரு தோட்டத்தின் பத்திரம் துண்டாவதைச் சம்பந்தனால் கையெழுத்துப் போட்டு நிறுத்த முடியாது.

அரசுப் பணத்தில் நிலம் வாங்கித் தருவது இன்னொரு வழி. 1956இல் தொடங்கிய ஃபெல்டா அதைத்தான் செய்தது. காட்டை அழித்து, குடியேற்றக்காரர்களுக்கு நிலம் ஒதுக்கி, செலவைக் கடனாகக் கொடுத்து, விளைச்சலில் பிடித்துக்கொண்டது. ஆனால் அது நிலமில்லாத கிராமப்புற மக்களுக்காக வகுக்கப்பட்ட திட்டம். தோட்டத்தில் வேலையிழந்த தமிழர்களுக்கு அதில் கிடைத்த இடம் மிகச் சிறியது. அவர்களில் பலர் அப்போது குடியுரிமைகூடப் பெறாதவர்கள்.

சட்டமும் உடனே உதவாது, அரசு வரவுசெலவுத் திட்டத்திலும் இடமில்லை. இந்த இரண்டு கதவும் மூடியிருந்தபோது சம்பந்தன் மூன்றாவது கதவைத் தட்டினார். விற்பனைக்கு வரும் தோட்டத்தை வாங்கத் தொழிலாளர்களே பணம் போடட்டும் என்றார்.

பத்து வெள்ளியின் கணக்கு

1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கே.ஆர். சோமசுந்தரம் அவருக்குத் துணையாக இருந்து, பிற்காலத்தில் சங்கத்தை நீண்ட காலம் வழிநடத்தினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகச் சம்பந்தன் ஏறி இறங்கினார். துணைவியார் தோ புவான் உமா சுந்தரியும் உடன் சென்றார். அமைச்சர் என்றால் மேடையில் பார்த்துப் பழகிய மக்கள், தங்கள் லயத்து வாசலுக்கே வந்து பங்கு வாங்கச் சொன்ன ஓர் அமைச்சரைப் பார்த்தார்கள்.

இன்று பத்து ரிங்கிட் என்பது ஒரு வேளைச் சாப்பாடு. அன்று பத்து வெள்ளி என்பது சில நாள் கூலி. விடியற்காலை பெரட்டுக்குப் போய், மழை பெய்தால் வேலையும் இல்லை கூலியும் இல்லை என்ற நிலையில் இருந்தவர்கள் அதை எடுத்து வைக்க வேண்டும். எதற்காக? கண்ணால் பார்த்திராத ஒரு தோட்டத்தை, பெயர் தெரியாத ஆயிரம் பேரோடு சேர்ந்து வாங்குவதற்காக. பணம் திரும்பி வருமா என்ற சந்தேகம் எழாமல் இருந்திருக்காது. பாட்டிக்கும் இருந்ததாம். கடைப் பாக்கி இருக்கும்போது இது எதற்கு என்று தாத்தாவிடம் சண்டை போட்டிருக்கிறார்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் சக்தி புரிகிறது. 3,000 பேர் மாதம் பத்து வெள்ளி கட்டினால் மாதம் 30,000 வெள்ளி. பத்தே மாதத்தில் மூன்று லட்சம். ஏக்கர் ஆயிரம் வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 300 ஏக்கர். தனி ஒரு தொழிலாளி ஆயுள் முழுக்கச் சேமித்தாலும் எட்டாத இடம் அது. தோட்டம் வாங்கக் கூட்டாகப் பணம் போடும் தந்திரத்தைத் துண்டாடியவர்கள் வைத்திருந்தார்கள். அதே தந்திரத்தைத் துண்டாடலைத் தடுக்கச் சம்பந்தன் பயன்படுத்தினார். அவர்கள் சிலர் பெரும் தொகை போட்டார்கள். இவர் ஆயிரக்கணக்கானோரிடம் சிறு தொகை கேட்டார்.

1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாக வந்து சேர்ந்தது. தோட்டம் துண்டாகவில்லை. பத்திரம் சங்கத்தின் பெயருக்கு மாறியது. நில அலுவலகத்தைப் பொறுத்தவரை அது ஒரே ஒரு பெயர் மாற்றம். அங்கே குடியிருந்தவர்களுக்கோ அது வீடு, வேலை, பள்ளி எல்லாம்.

வாங்கினால் மட்டும் போதுமா? நிலம் வாங்குவது ஒருமுறைச் செலவு. வைத்திருப்பது ஒவ்வோர் ஆண்டும் செலவு. நிலவரி, சம்பளம், வீடு பழுதுபார்ப்பு, உரம். எல்லாவற்றுக்கும் மேலாக மறுநடவு. வயதான ரப்பர் மரத்தை வெட்டிவிட்டுப் புதிதாக நட்டால், பால் கிடைக்க ஆறேழு ஆண்டு ஆகும். அதுவரை அந்தப் பகுதியிலிருந்து ஒரு காசு வருமானம் கிடையாது. அந்த நேரம் பார்த்து, செயற்கை ரப்பரின் போட்டியால் விலையும் சரிந்தது. 1960இல் இருந்த விலை 1967க்குள் ஏறத்தாழப் பாதியானது. அத்தகைய பத்தாண்டில் தொழிலாளர்களின் பணத்தில் தோட்டம் வாங்கி, கடனில் மூழ்காமல் நடத்தியது சாதாரண வேலை அல்ல. சம்பந்தன் மறைந்த காலத்தில் சங்கத்தில் 85,000 உறுப்பினர்களும் 18 தோட்டங்களும் இருந்தன.

குறையும் உண்டு

ஒருவரைப் பாராட்டுவது என்றால் குறையை மறைப்பது என்று பொருளல்ல. பங்கு வாங்கிய தொழிலாளி தோட்டத்தின் உரிமையாளர்களில் ஒருவர் ஆனார். ஆனால் மறுநாள் காலையும் அவர் அதே வாளியைத் தூக்கிக்கொண்டு அதே நிரைக்குத்தான் போனார். அவர் பெயரில் தனிப் பத்திரம் இல்லை. ஓய்வு பெற்றபின் இது என் வீடு என்று காட்ட அவரிடம் இருந்தது பங்குச் சான்றிதழ்தான், கிராண்ட் அல்ல. ஃபெல்டா குடியேற்றக்காரருக்குக் கடைசியில் நிலம் கிடைத்தது. நம்மவருக்கு லாபப் பங்கு கிடைத்தது. இரண்டும் ஒன்றாகாது என்று அன்றும் சொன்னவர்கள் உண்டு, இன்றும் சொல்பவர்கள் உண்டு.

இதை நானும் முதலில் பெரிய குறையாகவே எழுதினேன். பிறகு யோசித்தபோது வேறொன்று தெரிந்தது. வாங்கிய தோட்டத்தை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் அதுவும் துண்டாடல்தான். அளவை, பத்திரம், வக்கீல் என்று ஒவ்வொரு குடும்பமும் செலவு செய்திருக்க வேண்டும். கஷ்ட காலத்தில் முதலில் விற்கப்படுவதும் அந்தத் துண்டுதான். நிலத்தைக் காப்பாற்ற அதைப் பிரிக்காமல் வைத்தார் என்பது என் எண்ணம். ஆனாலும் வீட்டு மனையையாவது பிரித்துக் கொடுத்திருக்கலாமே என்ற கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது.

எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். துண்டான தோட்டங்கள் எல்லாவற்றையும் சங்கத்தால் காப்பாற்ற முடியவில்லை. 18 தோட்டங்கள் என்பது பெரிய சாதனை. ஆனால் ஒரு கூட்டுறவுச் சங்கம் சட்டத்தின் வேலையைச் செய்ய முடியாது. அந்தச் சட்டம் 1972இல்தான் வந்தது. தேசிய நிலச் சட்டத்தொகுப்பில் 214அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, தோட்ட நிலத்தை மாற்றிக் கொடுக்கத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் தேவை என்றானது. அதற்குள் பல ஆயிரம் குடும்பங்கள் வெளியேறிவிட்டன.

கடைசி ஆண்டுகள்

1972இல் தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சரானார். 1973இல் ஒரு நாள் தற்காலிகப் பிரதமராகவும் பொறுப்பேற்றார். அதே ஆண்டு கட்சிக்குள் எழுந்த நெருக்கடியில் 18 ஆண்டுத் தலைமையை விட்டு விலகினார். டான் ஸ்ரீ மாணிக்கவாசகம் அடுத்த தலைவரானார். 1974இல் அமைச்சர் பதவியும் முடிந்தது. பிறகு தேசிய ஒருமைப்பாட்டு வாரியத்தின் தலைவராக 1978 வரை இருந்தார். 1979 மே 18ஆம் நாள் காலமானார். அறுபது வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லை.

தந்தை சேர்த்த ரப்பர் நிலத்தில் பெரும்பகுதியைப் பொதுவாழ்க்கைக்காக அவர் விற்றுவிட்டிருந்தார். அரசியலுக்கு வந்து நிலம் சேர்த்தவர்களைப் பற்றி நாம் நிறையக் கேள்விப்படுகிறோம். நிலத்தோடு வந்து, அதை இழந்து, மற்றவர்களுக்கு நிலம் வாங்கக் கற்றுக்கொடுத்துப் போன ஒருவரை நான் இவரிடம்தான் பார்த்தேன்.

நமக்கு என்ன?

யோங் பெங்கைச் சுற்றி இன்று ரப்பர் குறைவு, செம்பனையே அதிகம். தோட்டத்து லயங்கள் பல காலியாகிவிட்டன. என்னைப் போன்ற பிள்ளைகள் தாமான் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆனால் நிலப் பிரச்சினை நம்மை விட்டுப் போய்விடவில்லை. தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறும்போது அங்கே இருந்தவர்களுக்கு வீடு உண்டா, கோயில் நிலம் யார் பெயரில் இருக்கிறது, பள்ளி நிலத்துக்குப் பத்திரம் உண்டா என்ற கேள்விகள் எல்லாம் கடைசியில் நில அலுவலகத்தின் முகப்பில்தான் வந்து நிற்கின்றன.

ஆகவே நம் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. வீட்டில் இருக்கும் கிராண்டை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அது இறுதிப் பத்திரமா, தற்காலிகப் பத்திரமா, யார் பெயரில் இருக்கிறது, குத்தகையாக இருந்தால் எத்தனை ஆண்டு மீதம் என்று பாருங்கள். உங்கள் ஊர்க் கோயில், பள்ளி நிலத்தையும் விசாரியுங்கள். ஆண்டு இறுதியில் மாநில வரவுசெலவுத் திட்டம் தாக்கல் செய்யப்படும்போது நில அலுவலகத்துக்கும் நமக்கும் என்ன இருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். இதற்குப் பட்டம் தேவையில்லை. பத்து வெள்ளியை எண்ணி எடுத்து வைத்த நம் தாத்தா பாட்டிகள் எந்தப் பட்டமும் வாங்கவில்லை.

கட்டுரையை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போனபோது, தாத்தா கட்டிய பணம் என்ன ஆயிற்று என்று பாட்டியிடம் கேட்டேன். லாபப் பங்கு வந்த வருடங்களில் அது பள்ளிக்கூடச் செலவுக்கு ஆனதாம். அப்பா படித்தார், அத்தைகள் படித்தார்கள். பத்திரத்தைத் திரும்ப மடித்து அலமாரியில் வைத்தபடி, அன்றைக்குச் சண்டை போட்டது தப்புதான் என்றார் பாட்டி.